மில்க் ரன்னும் மாவு பாக்கெட்டும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஹால்ல பழைய பேப்பரை விரிச்சு, ஒரு வாரத்துக் குப்பையைக் கொட்டி எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கமணி காபியோட வந்து பார்த்துட்டு, "ஏங்க, கம்பெனியில எண்ணுறது போதாதுன்னு வீட்லயும் ஆரம்பிச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதினஞ்சு வருஷமா குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல ஆணி புடுங்கறவனுக்கு எதையாவது எண்ணாம இருக்க முடியறதில்லை.

காரணம் வேற. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காலி மனை. வல்லம் வடகால் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், இங்க ரெண்டு வீட்டுக்கு ஒரு காலி மனை இருக்கும். அதுல குப்பை சேரும், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் யாராவது ஒருத்தர் கொளுத்திவிடுவாங்க. அந்தப் புகைக்கு சின்னவளுக்கு இழுப்பு வந்துடுது. அன்னிக்கு ராத்திரி அவளுக்கு நெபுலைசர் வச்சிட்டு, கோவத்தோட டார்ச் எடுத்துக்கிட்டு மனைக்குப் போனேன். யார் வீட்டுக் குப்பைன்னு கண்டுபிடிச்சு சண்டை போடறதா உத்தேசம். பாதி எரிஞ்ச குவியல்ல முதல்ல கண்ல பட்டது, மூலையில பால்பேனாவால "3 லி" ன்னு எழுதியிருந்த மாவு பாக்கெட். மாவு அக்கா எங்க வீட்டுக்குன்னு எழுதி வைக்கிறது அது. நாங்க வாசல்ல வச்ச பையை நாய் இழுத்துட்டுப் போயிருக்கு. சண்டை போட ஆள் கிடைச்சாச்சு, நான்தான்.

அதனாலதான் எண்ணினேன். நாலு பேர், ஏழு நாள். பால் கவர் 14, தயிர் 6, மாவு 3, எண்ணெய் 1, பருப்பு ரவை வகையறா 5, மசாலா தூள் சின்ன பாக்கெட் 9, பிஸ்கெட் சிப்ஸ் முறுக்கு 22, பிரட் 1, ஓட்டல் பார்சல்ல வந்த சாம்பார் சட்னி கவர் 11. எல்லாம் சாப்பாட்டுச் சமாசாரம் மட்டும், 72. கடையில தூக்கிட்டு வர கேரி பேக் எத்தனைன்னு தனியா பார்த்தேன். ரெண்டே ரெண்டு.

இந்த ரெண்டுதான் என்னை யோசிக்க வச்சது. நாங்க மஞ்சப்பை குடும்பம்ங்க. 2019-லேர்ந்து பை இல்லாம கடைக்குப் போனதே இல்லை. பையைக் கொண்டுபோய், அந்தப் பைக்குள்ள 72 கவரை வாங்கிட்டு வந்திருக்கோம்.

இந்த 72-ம் எப்போ, எப்படி வீட்டுக்குள்ள வந்ததுன்னு தேட ஆரம்பிச்சு இங்க வந்து நிக்கறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கோங்க.

எங்க ஆயா வீடு காஞ்சிபுரம். சின்ன வயசுல லீவுக்கு அங்கதான். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மூங்கில் குடலையில மந்தாரை இலையைச் சுத்திப் போட்டு மாவை ஊத்தி வேகவைப்பாங்க. மிளகு, சீரகம், சுக்கு வாசனையோட இலை வாசனையும் சேர்ந்து வரும். பாத்திரமும் அதுதான், பேக்கிங்கும் அதுதான். ஓட்டல் பார்சல் வாழையிலையில. கறிக்கடையில தாமரை இலை, இல்லைன்னா தேக்கு இலை. தெக்கத்திப் பக்கம் கருப்பட்டி பனையோலைப் பெட்டியில வரும். மளிகைக் கடையில கூரையிலேர்ந்து நூல்கண்டு தொங்கும். கடைக்காரர் பேப்பரைக் கூம்பா சுருட்டி, பருப்பைக் கொட்டி, மேல மடிச்சு, நூலை நாலு சுத்து சுத்தி பட்டுன்னு அறுப்பார் பாருங்க, அந்த வேகத்தை இன்னிக்கு எந்த பேக்கிங் மெஷின்லயும் நான் பார்த்ததில்லை. எண்ணெய்க்கு நாம பாட்டில் கொண்டு போகணும். பாட்டில் கழுத்துல ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். ஆயா எங்கிட்ட பாட்டிலைக் குடுக்கும்போது, காசு தொலைஞ்சா கூடப் பரவாயில்லை, பாட்டில் உடைஞ்சா தொலைச்சுடுவேன்னு சொல்லி அனுப்பும்.

இதையெல்லாம் சொல்லிட்டு 'அது ஒரு பொற்காலம்'னு முடிச்சா உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம். ஆனா அப்படி இல்லைங்க. பேப்பர் பொட்டலத்துல வந்த பஜ்ஜியில தினசரி தலைப்புச் செய்தி அச்சாகி இருக்கும், அதையும் சேர்த்துத்தான் தின்னோம். அச்சு மையில உடம்புக்கு ஆகாத ரசாயனம் இருக்கு, செய்தித்தாள்ல சாப்பாட்டைக் கட்டாதீங்கன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லயும் சொல்லுச்சு, 2023-ல மறுபடியும் சொல்லுச்சு. பால்காரர் ஊத்தற பால்ல எவ்வளவு தண்ணிங்கறது தெருவுக்கே தெரிஞ்ச ரகசியம். பருப்புல கல், மிளகுல பப்பாளி விதை. பாக்கெட் ஒவ்வொண்ணும் வந்தது ஒரு பயத்துக்கோ ஒரு தேவைக்கோ பதிலா. அந்தக் கதையைப் பார்க்காம, "ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க"ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வரும்.

உப்பை எடுத்துக்கோங்க. உப்பு மூட்டை ராத்திரி கடைக்கு வெளியிலயே கிடக்கும். பூட்டு கிடையாது, காவல் கிடையாது, யாரும் திருட மாட்டாங்க. படியால அளந்து போடுவாங்க. உப்பு பாக்கெட்டுக்குள்ள போனதுக்குக் காரணம் அயோடின். கழுத்துக் கழலையைத் தடுக்க உப்புல அயோடின் சேர்க்கறாங்க, ஈரமும் வெயிலும் பட்டா அது குறைஞ்சுடும். அதனால மூடின பாக்கெட் வேணும். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விக்கக் கூடாதுங்கற தடையை மத்திய அரசு 2000-ல நீக்கி, 2006-ல மறுபடி கொண்டுவந்துச்சு. நம்ம அரசோட உப்புக் கழகமே வாலிநோக்கத்துல உப்பு எடுத்து பாக்கெட்ல போட்டுத்தான் விக்குது. 2014-ல 'அம்மா உப்பு' வந்ததும் பாக்கெட்லதான். உப்பு மூட்டை இப்போ புள்ளைங்களை முதுகுல தூக்கற விளையாட்டுல மட்டும் மிச்சம்.

எண்ணெய்க் கதை இன்னும் சோகம். 1998 ஆகஸ்ட்ல டெல்லியில கடுகெண்ணெய் சாப்பிட்டவங்களுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில வந்து விழுந்தாங்க. எண்ணெயில பிரம்மதண்டு விதையோட எண்ணெய் கலந்திருந்தது. 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதே 1998-லயே, சமையல் எண்ணெயைப் பொட்டியில, டின்ல, பாக்கெட்ல அடைச்சுத்தான் விக்கணும்னு மத்திய அரசு ஆணை போட்டுச்சு. நாம கடுகெண்ணெய் பக்கமே போகாதவங்க, நமக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும்தான். ஆனா ஆணை எல்லாருக்கும். கழுத்துல கயிறு கட்டின என் ஆயாவோட பாட்டிலுக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் டெல்லியிலேர்ந்து வந்ததுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். 2007-லேர்ந்து ரேஷன் கடையில பாமாயில் குடுத்தாங்க பாருங்க, அதுவும் ஒரு லிட்டர் பாக்கெட்.

பாலுக்கு வருவோம். மெட்ராஸ்ல 1960-கள்ல மாதவரம் பால் பண்ணை வந்த பிறகு பாட்டில் பால் இருந்தது. அலுமினியத் தாள் மூடி போட்ட கண்ணாடி பாட்டில். காலி பாட்டிலைக் குடுத்துட்டு நிரம்பின பாட்டிலை வாங்கணும். எங்க சித்தப்பா மயிலாப்பூர்ல இருந்தப்போ விடியக்காலம் நாலரைக்கு காலி பாட்டிலோட வரிசையில நின்ன கதையை நூறு தடவை சொல்லியிருக்கார். அந்த பாட்டில் போய்ப் பாலித்தீன் கவர் வந்துச்சு. கவர்ல பால் சுத்தம், அளவு சரி, லாரியில எடை கம்மி, உடையாது, பாட்டில் கழுவற செலவு மிச்சம். இத்தனை நல்லதும் உண்மைதான். போனது ஒண்ணே ஒண்ணு, திரும்பி வர்ற பாட்டில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

இப்போ சின்ன பாக்கெட். இதோட தலைநகரம் நம்ம கடலூர்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். மருந்து, பவுடர் மாதிரிப் பொருளை எல்லாம் சின்னச் சின்னதா அடைச்சு வித்துக்கிட்டு இருந்தவர், ஷாம்பூவை சாஷேயில அடைச்சார். வெல்வெட் ஷாம்பூ. பெரிய பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரருக்கும் கிடைக்கணுங்கறதுதான் அவரோட கணக்கு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபா முதலோட தனியா வந்து 1983-ல சிக் ஷாம்பூ ஆரம்பிச்சார். இன்னிக்கு கெவின்கேர். இந்த சாஷே வழியிலதான் பின்னாடி ஊறுகாய், காபித்தூள், மசாலா எல்லாம் கடை வாசல்ல சரம் சரமா தொங்க ஆரம்பிச்சது. எங்க வீட்டுக் கணக்குல இருக்கற அந்த 9 மசாலா பாக்கெட்டுக்கும் குலதெய்வம் கடலூர்ல இருக்கு.

இதுல நான் ரொம்ப ரசிச்ச விஷயம் வேற ஒண்ணு. சிக் புதுசா இருந்தப்போ ரங்கநாதன் ஒரு திட்டம் போட்டார். எந்தக் கம்பெனி ஷாம்பூவா இருந்தாலும் சரி, காலி சாஷே அஞ்சு கொண்டு வந்தா ஒரு சிக் இலவசம். ஜனங்க பொறுக்கிக்கொண்டு வந்து குவிச்சிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு, சிக் சாஷேக்கு மட்டும்தான்னு மாத்தினார். வியாபாரம் பிச்சிக்கிச்சு. அவர் செஞ்சது சந்தை பிடிக்க, குப்பை பொறுக்க இல்லை. ஆனா பாருங்க, "காலி பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வர நம்ம ஜனங்களுக்குப் பழக்கம் வராது"ன்னு இன்னிக்கு கான்ஃபரன்ஸ்ல பேசறவங்களுக்கு, நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாட்டுக் கிராமங்கள் பதில் சொல்லிடுச்சு. கைக்கு ஒண்ணு கிடைச்சா கொண்டு வருவாங்க.

சரி, எங்க ஊருக்கு வரேன். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்தப்போ இந்தப் பக்கமெல்லாம் ஏரிப் பாசன வயல். 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்துச்சு, 2014-ல மூடிட்டுப் போச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான். 2017-ல வல்லம் வடகால் சிப்காட்ல ராயல் என்ஃபீல்டு. 2024 ஆகஸ்ட்ல இதே வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்குன்னு 18,720 பேர் தங்கற குடியிருப்பை முதல்வர் திறந்து வச்சார். ஒரு டவுனே ஒரு காம்பவுண்டுக்குள்ள. அதுக்கு வெளிய, பழைய வீடுகளை ரூம் ரூமா தடுத்து வாடகைக்கு விட்டிருக்கற தெருக்கள்ல, நம்ம தென் மாவட்டத்துப் புள்ளைங்களும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட்லேர்ந்து வந்த பசங்களும்.

ரூம்ல நாலு பேர், ஆறு பேர். மிக்சி கிடையாது, கிரைண்டர் கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது. அலமாரியில ஆளுக்கு ஒரு தட்டு. ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கி வைக்க இடமில்லை, வச்சாலும் அது யாருதுன்னு சண்டை. அதனால அஞ்சு ரூபா சாம்பார் தூள், பத்து ரூபா எண்ணெய், அரை லிட்டர் மாவு. முதல் ஷிப்டுக்கு விடியக்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் கம்பெனி பஸ். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வரவனுக்கு காலைல ஏழு மணிக்கு டீக்கடைதான் சமையலறை. இவங்களைப் பார்த்து "மொத்தமா வாங்கிப் பழகுங்க"ன்னு சொல்றது, நெரிசல் பஸ்ல ஃபுட்போர்டுல தொங்கறவனைப் பார்த்து உட்கார்ந்து வாப்பான்னு சொல்ற மாதிரி. சாஷே கூலிக்காரருக்குன்னு வந்தது. கூலி இன்னும் இருக்கு, சாஷேயும் இருக்கு.

வேடிக்கை என்னன்னா, அதே புள்ளைங்க கேன்டீன்ல சாப்பிடும்போது இந்தக் குப்பை கிடையாது. அரிசி மூட்டையில வருது, எண்ணெய் டின்ல வருது, தட்டு கழுவி அடுத்த ஆளுக்குப் போகுது. சமையல் சின்னதாக ஆகத்தான் கவர் அதிகமாகுது.

2018 ஜூன் 5-ஆம் தேதி சட்டசபையில எடப்பாடி பழனிசாமி அறிவிச்சது ஞாபகம் இருக்கும். 2019 ஜனவரி 1-லேர்ந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடற பிளாஸ்டிக்குக்குத் தடை. கைப்பை, சாப்பாடு கட்டற தாள், தட்டு, பிளாஸ்டிக் பூசின டீ கப், தண்ணி பாக்கெட், உறிஞ்சுகுழல், கொடின்னு 14 ஐட்டம். பால், தயிர், எண்ணெய், மருந்து உறைக்கு விலக்கு. கம்பெனியிலயே அடைச்சு வர்ற பாக்கெட்டுக்கும் அப்போ விலக்கு. சின்னக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2019-ல உயர் நீதிமன்றம் தடை செல்லும்னு சொல்லிடுச்சு. 2020 ஜூன்ல கம்பெனி பாக்கெட்டுக்கு இருந்த விலக்கையும் அரசு எடுத்துச்சு. காகிதத்துல அப்படி. அண்ணாச்சி கடை வாசல்ல சரம் அப்படியேதான் தொங்குது.

முதல் ஆறு மாசம் தடை நல்லாவே வேலை செஞ்சுதுங்க, அதை ஒத்துக்கணும். ஓட்டலுக்குத் தூக்கு எடுத்துட்டுப் போனோம். டீக்கடையில ஃப்ளாஸ்க் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. மந்தாரை இலைக்கு மறுபடி மவுசு. அப்புறம் 2020-ல கொரோனா வந்து, "கை படாதது" ங்கற ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கவருக்குள்ள போட்டுட்டுப் போயிடுச்சு. மறுபடியும் பயம்தான், கவனிங்க. 2021 டிசம்பர்ல ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' ஆரம்பிச்சு வச்சார். 2022-ல கோயம்பேட்டுல பத்து ரூபா போட்டா மஞ்சப்பை தர மெஷின் வந்துச்சு. நல்ல திட்டம், நான் ரெண்டு பை எடுத்தேன். ஆனா எங்க வீட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்க. மஞ்சப்பை பேசறது அந்த ரெண்டு கேரி பேக்கோட. மிச்சம் 72 கூட பேச வேற யாராவது வரணும்.

மத்திய அரசு ஒரு தடவை பேசப் பார்த்துச்சு. 2016 விதியில, மறுசுழற்சி பண்ண முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை ரெண்டு வருஷத்துல நிறுத்தணும்னு இருந்தது. சிப்ஸ் பாக்கெட் உள்ள பளபளன்னு வெள்ளியா இருக்கே, அந்த வகையறா. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் புள்ளைங்க, பிரிக்கவே முடியாது. காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். 2018-ல அந்த விதியைத் திருத்தி, மறுசுழற்சி பண்ண முடியாம, எரிச்சு சூடு எடுக்கவும் முடியாம, வேற எதுக்கும் ஆகாம இருந்தா மட்டும் நிறுத்தினா போதும்னு மாத்திட்டாங்க. சிமெண்ட் ஆலையில எரிக்கலாமே, அப்போ 'வேற பயன்' இருக்கே! எங்க வீட்டு 22 பாக்கெட்டும் அந்த ஒரு வரித் திருத்தத்துல தப்பிச்சது. 2022-ல தயாரிப்பாளர் பொறுப்பு விதி வந்து, வித்த அளவுக்குக் குப்பையைச் சேகரிக்கணும்னு கம்பெனிகளுக்குக் கணக்கு குடுத்திருக்காங்க. சான்றிதழ் கைமாறுது. எங்க காலி மனைக்கு இதுவரைக்கும் யாரும் வந்து எடுத்ததா தெரியலை.

வரியும் ஒரு கை பார்த்துச்சு. 2022 ஜூலை 18-லேர்ந்து லேபிள் ஒட்டி அடைச்ச அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி. மூட்டையைப் பிரிச்சு சில்லறையா வித்தா வரி இல்லை. அட, பொட்டலம் திரும்பி வரப்போகுதுன்னு நான் குஷியாயிட்டேன். நம்மாளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? 26 கிலோ மூட்டை போட்டாங்க :-)

இப்போ பால் பாட்டிலுக்குத் திரும்பறேன். என் வேலையைப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் இது புரியும். நான் இருக்கறது கார் கம்பெனிகளுக்குப் பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு சின்னக் கம்பெனி. எங்க பார்ட்ஸ் நீலக் கலர் பிளாஸ்டிக் பின்ல போகும். கார் கம்பெனி லாரி ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வரும். நிரம்பின பின்னை ஏத்திக்கும், காலி பின்னை இறக்கிட்டு அடுத்த சப்ளையர் கிட்ட போகும். ஒரு சுத்து. ஒரு பின் காணாமப் போனா மீட்டிங் போட்டு உயிரை வாங்குவாங்க. அட்டைப்பெட்டியில அனுப்பினா, ஒவ்வொரு தடவையும் பெட்டிக் காசு, அதைக் கிழிச்சு வெளிய போடற காசுன்னு கணக்கு பார்ப்பாங்க. ஒரகடம், வல்லம் வடகால் சாலையில போற பாதி லாரியில காலி பின் இருக்கும். இந்தச் சுத்துக்குத் தொழில்ல என்ன பேர் தெரியுமா? மில்க் ரன். பழைய காலத்துல பால்காரர் வீடு வீடா நிரம்பின பாட்டிலை வச்சிட்டு, காலி பாட்டிலை எடுத்துட்டுப் போவாரே, அந்தப் பழக்கத்துலேர்ந்து வந்த பேர்.

பதினஞ்சு வருஷமா தினம் பத்து தடவை இந்த வார்த்தையைச் சொல்றேன். எண்ணின அன்னிக்குத்தான் பொறி தட்டுச்சு. காம்பவுண்டு சுவருக்கு உள்ள பால்காரர் இன்னும் உயிரோட இருக்கார், ஜம்முனு. சுவருக்கு வெளிய, பாலுக்கே அவர் இல்லை.

அப்புறம் கண்ணு தானா தேட ஆரம்பிச்சது. வெளியிலயும் அங்கங்க இருக்கார். எங்க தெருவுல ஒரு ரூம் விடாம 20 லிட்டர் தண்ணி கேன். பிளாஸ்டிக்தான், ஆனா காலி மனையில ஒரு கேன் கிடந்து நான் பார்த்ததில்லை, டெபாசிட் இருக்கே. கேஸ் சிலிண்டர் அப்படித்தான். 2022-ல நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பித் தந்தாங்க. குடிமக்கள் பெரும்பாலான பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. தள்ளாடிக்கிட்டே வந்து குடுத்திருப்பாங்க போல! அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் அது பரவுச்சு. இந்த மூணுலயும் யாரும் யாருக்கும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கலை. காலிக்கு ஒரு விலை இருந்தது, அதை வாங்கிக்க ஒரு ஆள் இருந்தாங்க, அவ்வளவுதான்.

எங்க வீட்டுல என்ன மாறுச்சுன்னு கேப்பீங்க. பாதி தோல்விதான். அண்ணாச்சி கிட்ட டப்பா கொண்டு போனேன். "தம்பி, டப்பா எடையைக் கழிக்கணும், பின்னாடி நிக்கறவரு திட்டுவாரு"ன்னார். காலையில பதினோரு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்துல போனா சிரிச்சிக்கிட்டே போடறார். பருப்பு, ரவை 5 கவர் போச்சு. மூணாவது வாரம் ரவையில வண்டு. தங்கமணி ஒண்ணும் சொல்லலை, டப்பாவைத் திறந்து எனக்கு நேரா நீட்டினாங்க. இப்போ காய்ஞ்ச மிளகாய் போட்டு வைக்கறோம், கொஞ்சமா வாங்கறோம். தயிரை வீட்லயே உறை ஊத்தறோம். பால் கவரை மூலையைத் தனியா வெட்டாம, ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி கீறிக் கழுவிக் காய வச்சா பழைய பேப்பர் கடையில எடுத்துக்கறாங்க. அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் எங்கயும் சிக்காம கால்வாய்க்குப் போறது. எங்க பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி உபரித் தண்ணி எல்லாம் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகுது. சென்னை மக்களே, நீங்க குடிக்கறது அதுதான். சிப்ஸ் 22-ல 22-ம் அப்படியே இருக்கு. பெரியவன் கிட்ட பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.

மாவுல மட்டும் ஒரு காரியம் நடந்துச்சு. மாவு அக்கா எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி. தினம் காலை, சாயங்காலம் அரைச்சு பாக்கெட் போடுவாங்க. எரிஞ்ச கவரைக் காட்டினேன். "அண்ணா, நான் என்ன பண்ண, கையில ஊத்திக் குடுக்க முடியுமா?"ன்னாங்க. மில்க் ரன் கதையைச் சொன்னேன். எவர்சில்வர் தூக்கு, நூத்தம்பது ரூபா டெபாசிட், காலியைக் குடுத்தா நிரம்பினது. முதல்ல எட்டு தூக்கு, நாலு என் காசு. அக்கா கேட்ட முதல் கேள்வி, "யார் கழுவறது? அடுத்தவங்க வீட்டு ஏனம்னு மூஞ்சி சுளிப்பாங்களே". சரியான கேள்வி, மறுபடியும் அந்தப் பழைய பயம். வாசல்லயே வென்னீர் அண்டா வச்சு எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி கழுவறாங்க. பதினோரு வீடு வாங்கறாங்க. ரூம் புள்ளைங்கதான் வரலை. அக்கா கடை திறக்கறது ஆறு மணி, பஸ் அஞ்சேகால். இப்போ ராத்திரி ஷிப்டு விட்டு வரவங்களுக்காகக் காலி தூக்கு போட வாசல்ல ஒரு நீல பின் வச்சிருக்காங்க. எங்க கம்பெனியில ஓட்டை விழுந்து கழிச்சுக் கட்டின பின், எழுதி வாங்கிட்டு வந்தேன்.

போன வாரம் எதிர் மேன்ஷன்லேர்ந்து ரெண்டு பொண்ணுங்க, தென்காசிப் பக்கம் போல பேச்சு, சேர்ந்து ஒரு தூக்கு எடுத்திருக்காங்க. நேத்து அக்கா போன் பண்ணினாங்க, தூக்கு பத்தலையாம், இன்னும் ஆறு வாங்கணுமாம். மூடி டைட்டா இருக்கான்னு தண்ணி ஊத்திக் கவுத்துப் பார்த்து வாங்குங்கன்னு சொல்லியிருக்கேன். பஸ்ல கொண்டு போறவங்க இருக்காங்க.